மேல்வரிசை மட்டும்

1989 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழை இல்லை. ஞாயிறு வாசல் தெளிப்பது அண்ணியின் முறை, அதனால் நேராகப் பின்பக்கம் போனேன். மிருதுவான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், மேலிருந்து கீழாக இரண்டு நிமிடம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்தேன். நன்றாக விடியும்வரை காத்திருந்து, கைக்கண்ணாடியோடு மாட்டுக்கொட்டகைக்கு வெளியே போய், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நின்று பார்த்தேன். பிறகு நோட்டில் எழுதினேன்:

"28ஆம் நாள். மேல்வரிசை: முன்பற்கள் இரண்டும் தந்த நிறம். வலது முன்பல்லின் குறுக்குக்கோடு இன்னும் தெரிகிறது. நேற்றைவிடக் குறைந்தது என்று சொல்ல முடியாது. கோரைப்பற்கள்: மஞ்சள். கூச்சம் இல்லை. ஈறில் புண் இல்லை. கீழ்வரிசை: பழையபடி."

மாதா கோவிலில் ஆறரை மணிப் பூசை, நடந்தே போனேன். பூசையில் வாயைத் திறந்து பாடினேன். இதை ஏன் தனியாகக் குறிக்கிறேன் என்றால், அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடமும் நான் பாடியது முந்தானைக்கு உள்ளேதான்.

எங்கள் ஊர் கம்பைநல்லூரிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே பிறந்து அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த எவருக்கும் பல் வெள்ளையாக இருக்காது. சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்த மாதிரித் திட்டு, சிலருக்கு மஞ்சள், எனக்கும் என் அண்ணனுக்கும் பழுப்பில் குறுக்குக்கோடுகள். தேய்க்காததால் வந்தது அல்ல. கரியால் தேய்த்தோம், செங்கல் தூளால் தேய்த்தோம், உப்பும் எலுமிச்சையும் சேர்த்துத் தேய்த்தோம். ஈறு போனதே தவிரக் கறை போகவில்லை.

ஆண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதானதும் வெற்றிலை போடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு யார் கேட்டாலும் "வெத்தலைங்க" என்று சொல்லிவிடலாம். என் அண்ணனுக்கு வெற்றிலை பிடிக்கவே பிடிக்காது. முதல் வருடம் முழுக்க வாந்தி எடுத்தார். ஆனாலும் விடவில்லை. பெண்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களுக்கு இடது கைதான். சிரிப்பு வரும்போது கை தானாக வாய்க்குப் போகும். எங்கள் ஊர்ப் பெண்களை வெளியூர்ச் சந்தையில்கூட அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் அப்பா என்னை வாரச்சந்தைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். குச்சியில் பஞ்சு சுற்றி, நகை வெளுக்கிற திராவகத்தில் தொட்டு, பல்லில் தேய்ப்பார். என் இரண்டு முன்பற்களைத் தேய்த்தார். புகை வந்தது மாதிரி எனக்கு நினைவு. உண்மையில் வந்ததா என்று தெரியாது. ஒரு வாரம் பல் வெளிறி இருந்தது. பிறகு சொரசொரப்பாகி, பழைய நிறத்தைவிடக் கறுத்தது. அன்றிலிருந்து பானைத் தண்ணீர் பட்டால் நெற்றிவரை இழுக்கும். வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்ன காரணம் என் உயரம்.

அதற்குப் பிறகு யார் வருவதாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்கிறவளுக்குப் பல் எப்படி இருந்தால் என்ன. பத்தொன்பது வருடம் அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் கடைவாய்ப் பல் வலிக்காகச் சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுக்காரர். சொத்தையை அடைத்துவிட்டு, "ஏங்க, பேசறப்ப வாயை மூடிக்கிட்டே பேசறீங்க?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாயைத் திறந்து காட்டினேன்.

அவர்தான் சொன்னார். எங்கள் தண்ணீரில் ஒரு உப்பு கூடுதலாக இருக்கிறது. சின்ன வயதில், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே அது உள்ளே சேர்ந்துவிடுகிறது. வளர்ந்தபிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஈறுப்புண்ணுக்குப் பூசுகிற மருந்து ஒன்று இருக்கிறது. அதைப் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் விட்டு, வீட்டிலேயே தினம் வைத்துக்கொண்டால் கறை கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது என்று வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"பளிச்சுனு ஆகும்னு நெனைச்சுக்காதீங்க. பழுப்பு மஞ்சளாகும், மஞ்சள் லேசாகும். வெள்ளைத் திட்டு அப்பிடியே இருக்கும். ஆறு மாசம் ஆகலாம். ஆகாமலும் போகலாம். இன்னும் நான் யாருக்கும் கொடுத்ததில்ல. நீங்க சொன்னபடி செய்யற ஆளாத் தெரியறீங்க, அதனாலதான் சொல்றேன்."

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றேன்.

"வலி எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு எழுதிக் கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தாங்க."

முதலில் அந்த இரண்டு பற்களிலும் திராவகம் தின்று கூசிய ஈறோரத்தை மட்டும் பூசி அடைத்தார். பிறகு மேல்வரிசைக்கு மட்டும் அச்செடுத்தார். கீழ்வரிசையை விட்டுவிட்டார். ஒன்றை வைத்து ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும் என்றார். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் முறை போனபோது அளவு பார்த்து விளிம்பைத் தேய்த்தார். மூன்றாம் முறை ட்ரேயைக் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரித் தெளிந்த மெல்லிய பிளாஸ்டிக். என் பல் வரிசையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் இருந்தது.

அவர் சொன்னதை அன்றே எழுதிக்கொண்டேன். பல் தேய்த்த பிறகே வைக்க வேண்டும். ஒவ்வொரு பல்லின் குழியிலும் ஒரு அரிசி அளவு மருந்து, அதற்கு மேல் கூடாது. ஈறில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரம். கூட வைத்தால் கூட வெளுக்கும் என்று நினைக்கக் கூடாது. கூச்சம் வந்தால் ஒரு நாள் விட வேண்டும், ஈறு வெளிறினால் நிறுத்திவிட்டு வர வேண்டும். எடுத்தபிறகு ஒரு மணி நேரம் காபி, டீ இல்லை. ட்ரேயைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும், சூடு ஆகாது. மருந்து வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிஜ் இல்லை, ஈர மணல் நிரப்பிய சட்டியில் பாட்டிலைப் புதைத்து வைத்தேன்.

அக்டோபர் 16, திங்கட்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கினேன். ட்ரே வாயில் இருக்கும்போது பேச முடியாது. பேசினால் சோறு நிறைந்த வாயோடு பேசுகிற மாதிரி வரும். கேட்டதற்குப் பதிலைத் தாளில் எழுதிக் காட்டுவேன்.

"பாப்பா, இது நல்லாத்தான் இருக்குது. ரெண்டு மணி நேரம் வூடு சத்தமில்லாம இருக்குது" என்றார் அண்ணன். எனக்கு நாற்பத்து மூன்று ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

அண்ணி நேராகவே கேட்டார். "இந்த வயசுல எவன் பாக்கறதுக்குப் பாப்பா?"

"நான் பாக்கறதுக்கு" என்று தாளில் எழுதிக் காட்டினேன். அடியில் கோடும் போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தக் கண்ணாடிப் பல்ல மாட்டிக்கிட்டு மாடு அசைபோடற மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவர் கை வாய்க்குப் போனது. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் கூச்சம், விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. பயந்துபோய் எக்ஸ்சேஞ்சிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் அப்படித்தான் இருக்கும், பொறுங்கள் என்றார். மூன்றாம் வாரம் முன்பற்கள் இரண்டும் மஞ்சளுக்கு வந்துவிட்டன. இப்போது என் வாயில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். "ரெண்டு வூட்டுப் பல்லு மாதிரி இருக்குது" என்றார் அண்ணன். இருக்கட்டும். மேல்வரிசை என் முயற்சி, கீழ்வரிசை என் ஊர்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு ஏரியூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம், எங்கள் திருச்சபைதான், மாப்பிள்ளைக்குச் சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை. காவிரித் தண்ணீர் குடிப்பவர்கள் எங்கள் ஊரில் பெண் எடுக்க யோசிப்பார்கள். குலம், கோத்திரம் எல்லாம் பிறகு, "எந்தத் தண்ணி?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் எங்கள் பெண்ணுக்குப் பல் வெள்ளை. அவள் பிறந்ததும் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போய், எட்டு வயதுவரை மேட்டூர்ப் பக்கம் அவள் தாய்மாமன் வீட்டில்தான் வளர்ந்தாள். அண்ணிக்கும் அந்த ஊர், அந்தப் பல். அண்ணனுக்கு வெற்றிலை. ஆக, வீட்டில் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கிற ஒரே வாய் என்னுடையது.

ஞாயிறு பதினோரு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள், சனிக்கிழமை மாலை வழக்கம்போல் ஆறரைக்கு ட்ரேயை வைத்து எட்டரைக்கு எடுத்தேன். "இன்னிக்கு விடிய விடிய வெச்சுக்கயேன். நாளைக்கு அவங்க வர்றதுக்குள்ள இன்னுங் கொஞ்சம் வெளுக்குமில்ல" என்றார் அண்ணி. ரெண்டு மணி நேரம்தான் என்றேன். "ஒரு நாளைக்குத்தானே" என்றார். திராவகமும் எனக்கு ஒரு நாளைக்குத்தான் வைத்தார்கள் என்று சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏழே முக்கால். அடுப்பில் பித்தளைக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை எத்தனையோ வருடமாகக் கொதிக்க வைக்கிறோம். காலரா வந்த வருடம் சுகாதாரத்துறை ஆள் சொல்லிவிட்டுப் போனது. கொதித்த தண்ணீர் பல்லையும் காப்பாற்றும் என்று நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இந்த நம்பிக்கைதான். கொதிக்க வைத்தால் அந்த உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும்தான் உறைக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் வந்து சொல்லியிருந்தேன். அண்ணி நம்பவில்லை.

"பாப்பா, வந்துட்டியா? உன் கண்ணாடிப் பல்ல நல்லாக் கொதிக்க வெச்சிருக்கேன். பழைய மருந்து, கறையெல்லாம் எறங்கியிருக்கும். இப்ப புது மருந்து விட்டு வெச்சுக்க. பதினோரு மணிக்குள்ள மூணு மணி நேரம் ஆயிடும்" என்றார்.

கரண்டியால் எடுத்துக் காட்டினார். வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி உள்பக்கம் சுருண்டிருந்தது. வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. என் பல் ஒன்றின் அடையாளம்கூட அதில் மிச்சமில்லை.

நான் சத்தம் போடவில்லை. அண்ணியின் முகம் எப்படி மாறியது என்று பார்த்தேன். வேண்டுமென்று செய்தவர் முகம் அப்படி மாறாது. "ஐயோ, நல்லதுக்குத்தான பண்ணேன்" என்று கரண்டியை நீட்டியபடியே நின்றார். சூடாக இருந்ததால் என்னால் அதை வாங்கக்கூட முடியவில்லை.

அண்ணன் வெளியிலிருந்து வந்தார். சுருண்டு கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வருகிறவர்கள் முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று அவர் மனதில் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. எக்ஸ்சேஞ்சுல யாருக்காச்சும் பதிலா இன்னிக்கு டூட்டி பாத்துட்டு வந்துடேன்."

"இன்னிக்கு எனக்கு வார லீவு."

"அது தெரியும்மா. ஒரு ரெண்டு மணி நேரம். அவங்க போனதும் ஆள் அனுப்பறேன்."

"எதுக்கு?"

அண்ணிதான் சொன்னார்: "மேல ஒண்ணு கீழ ஒண்ணா இருக்குது பாப்பா. முழுசாப் பழுப்பா இருந்தாக்கூட எதாச்சும் சொல்லிக்கலாம். இதப் பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க."

"கேட்டாச் சொல்றேன்."

"சொல்லித்தான் காரியம் கெடும்" என்றார் அண்ணன்.

அண்ணன் மகள் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனால் இருபத்தோரு வயதுப் பெண்ணிடம், அவளுக்கு வந்த வரனை வைத்து, என் பக்கம் பேசு என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? அன்று கெடுவதோ கூடுவதோ அவள் கல்யாணம். நான் வெளியே போவதா வேண்டாமா என்பது மட்டும் என்னுடையது.

போவதில்லை என்று சொன்னேன். பின்கட்டில் உட்காரவும் மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது இருபது வருடமாக என் வேலை, இன்றைக்கும் நான்தான் கொடுப்பேன். கையால் வாயை மூடமாட்டேன். அண்ணன் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பதினொன்றே காலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. மூன்று பேர்தான். அப்பா மழை நிலவரம் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அம்மா நல்ல உயரம், காட்டு வேலை செய்த கை. நான் தட்டில் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். "வாங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். அந்த அம்மாவின் கண் என் வாயில் ஒரு நொடி நின்று, அண்ணன் வாய்க்குப் போய், திரும்பி வந்தது.

"நீங்க வெத்தலைங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"ஆமாங்க, சின்ன வயசுலருந்தே பழகிடுச்சுங்க."

அண்ணன் மகள் வந்து உட்கார்ந்தாள்.

"பேரு என்னம்மா?" சொன்னாள். "என்ன படிச்சிருக்க?" பி.காம் என்றாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, காது கேக்கல." அந்த அம்மாவின் காதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சத்தமாகச் சொன்னால் வாய் அகலமாகத் திறக்கும், அதுதான் விஷயம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிற யாரும் இதைத்தான் செய்வார்கள். எனக்கும் செய்தார்கள்.

சத்தமாகச் சொன்னாள். முன்பற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அந்த அம்மாவுக்கு அது போதவில்லை.

"முன்னால வெள்ளையா இருந்து பின்னால கறுத்திருக்கிறதும் உண்டு. லேசா வாயத் தொறம்மா. தப்பா நெனைச்சுக்காத, ஒரு தடவை பாத்துக்கறேன்."

அண்ணன் மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தாள். அண்ணி தலையை லேசாக அசைத்தார், திற என்று. அவள் உதடு பிரியத் தொடங்கியது.

"வாய மூடும்மா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சந்தையில மாடு வாங்கறப்பத்தாங்க வாயத் தொறந்து பல்லப் புடிச்சுப் பாப்பாங்க. இது எங்க வூட்டுப் பொண்ணு. பல்லுதான் பாக்கணும்னா என் பல்லப் பாருங்க, நான் காட்டறேன்."

கீழ் உதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். பிறகு மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"கீழ இருக்குதே, அது எங்க ஊருத் தண்ணி. மேல இருக்கறது, சேலத்து டாக்டர் சொன்னபடி நாலு வாரமா நான் மருந்து வெச்சது. எங்க அண்ணனுக்கும் இதே பல்லுதாங்க. வெத்தலை பின்னால வந்தது."

"பாப்பா!" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு அல்ல, அடக்க முடியாமல் வந்தது. அவருடைய அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப இவளுக்குப் பொறக்கற கொழந்தைக்கு?" என்று என்னைக் கேட்டார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"உங்க ஊருத் தண்ணி குடிச்சு வளந்தா உங்க ஊருப் பல்லு. எங்க ஊருத் தண்ணி குடிச்சு வளந்தா எங்க ஊருப் பல்லு. அது ரத்தத்துல இல்லீங்க, கொடத்துல இருக்குது."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாய் நல்லாப் பேசுது."

"பத்தொம்பது வருஷமா அதுதாங்க எனக்கு வேலை" என்றேன்.

பன்னிரண்டு ஐந்துக்குக் கிளம்பினார்கள். சாப்பிட்டுப் போகச் சொன்னோம், இன்னொரு இடத்துக்குப் போகணும் என்றார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. சாப்பாட்டுக்கு உட்காராமல் போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. "அந்தக் கண்ணாடிப் பல்லு போனதே நல்லதுக்குத்தான். இதோட விட்டுடு. இனி எதுக்கு? பாக்கறவங்க பாத்துட்டுப் போயாச்சு" என்றார். நான் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: நாளை சேலம் போய் மறுபடி அச்செடுக்கப் போகிறேன், மேல்வரிசை முடிந்ததும் கீழ்வரிசைக்கும். அவர் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான்கு மணிக்கு அண்ணன் மகள் துணி மடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் தொறந்து காட்டியிருப்பேன் அத்தை" என்றாள். "நீங்க சொல்லலைன்னா காட்டியிருப்பேன். அதான் ஒரு மாதிரி இருக்குது."

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சுதா?"

"சிரிச்சாரில்ல, அப்பப் புடிச்சுது. அவங்க அம்மா பாத்ததும் நிறுத்தினாரில்ல, அப்பப் புடிக்கல."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவள் அழுதாள். நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். அழட்டும் என்று விட்டேன்.

பதினோரு நாள் கழித்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்க்காத வீடுகளில் காரணம் கிடைப்பது கஷ்டம். இந்த முறை அவர்கள் சொன்னது, பெண்ணின் அத்தை ரொம்பப் பேசுகிறார் என்று. என் உயரத்தைக் குறை சொன்னதைவிட இது உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. என்னால்தான் அந்தச் சம்பந்தம் போனது என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். இருக்கலாம். அவளுக்குப் பிறகு நல்லபடியாக அமைந்தது என்பதை இங்கே எனக்குச் சாதகமாகச் சேர்க்க விரும்பவில்லை. அமையாமல் போயிருந்தாலும் நான் செய்தது அதேதான். அந்த அம்மா மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னால், மறுபடியும் வாயை மூடச் சொல்வேன்.

அந்த ஞாயிறு மாலை ஆறரைக்கு வாயில் வைக்க எதுவும் இல்லை. நோட்டில் எழுதினேன்: "28ஆம் நாள் மாலை. ட்ரே இல்லை. பல் நிறத்தில் மாற்றம் இல்லை."

மறுநாள், 13ஆம் தேதி திங்கட்கிழமை, நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பல் தேய்த்து, குளித்து, முதல் பஸ்ஸுக்குப் போகிற வழியில் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்தேன். இதற்கு முன் மூன்று முறை சேலம் போனபோதும் லீவு லெட்டரில் காரணம் "சொந்த வேலை" என்றுதான் எழுதியிருந்தேன். அன்று போர்டில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு தாள் வாங்கி, நின்றபடியே எழுதினேன்: "பல் வெளுக்கும் சிகிச்சைக்காகச் சேலம் செல்ல வேண்டியிருப்பதால் இன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன்." தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அவர் படித்து முடிக்கிறவரை எதிரில் நின்றிருந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனேன்.